செராத்திங்கில் மாப்பிள்ளை அழைப்பு

எல்லாருக்கும் மாப்பிள்ளை அழைப்பு கோயில் வாசலில் நடக்கும். எனக்கு அது மலேசியாவின் கிழக்குக் கரையில், அலைச்சறுக்குக்காரர்கள் வந்து தங்கும் ஒரு கடலோரக் கிராமத்தில், கொட்டுகிற மழையில் நடந்தது. அழைக்கப் போனது நானும் என் அத்தையும் மட்டும். மேளம் இல்லை.

நடந்தது எழுபதுகளின் கடைசியில். அப்போது சிங்கப்பூரில் எங்களைப் போன்ற குடும்பங்களில் கல்யாணம் இரண்டு தவணையில் நடக்கும். முதலில் பதிவு. அது வீட்டுக்காக. பதிவுத்தாள் இருந்தால்தான் அரசாங்க வீட்டுக்கு எழுதிப்போட முடியும். வீடு வர இரண்டு மூன்று வருஷம் ஆகும். சாவி கைக்கு வருகிற நேரம் பார்த்துக் கோயிலில் தாலி கட்டுவார்கள். இடையில் உள்ள காலத்தில் பெண் சட்டத்துக்கு மனைவி, வீட்டாருக்குக் கன்னிப்பெண். நானும் கணேசனும் பதிவு செய்து இரண்டு வருஷம் ஏழு மாதம் ஆகியிருந்தது. ஒரு சினிமாவுக்குக்கூட நாங்கள் தனியாகப் போனதில்லை. அம்மாவும் வருவார். நடு நாற்காலியில் உட்காருவார்.

கணேசனுக்குச் செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை. ஃபைபர்கிளாஸ் உயிர்காப்புப் படகுகளில் விரிசல் விட்டால் ஒட்டிச் சரிசெய்வது. கூட வேலை செய்தவர்கள் செராத்திங் போய்வந்து அந்தக் கடலைப் பற்றி ஓயாமல் பேசியிருக்கிறார்கள். நாமும் ஒரு வாரம் போய்வரலாமா என்று அவர் என்னிடம் கேட்டார். நான் வீட்டில் கேட்டேன். தாலி ஏறாமல் எப்படிச் சேர்ந்து போவது என்று அம்மா ஒரே போடாகப் போட்டுவிட்டார். அத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. எடுத்த லீவு வீணாவானேன், மாப்பிள்ளை மட்டும் போய்வரட்டும் என்று முறுக்குச் சுட்டுக் கொடுத்து அனுப்பியும் வைத்தார். எங்கள் குடும்பம் செய்த தவறுகளில் அந்த முறுக்குக்குத்தான் முதலிடம் கொடுப்பேன்.

ஒரு வாரத்துக்குப் போனவர் ஆறு வாரமாகியும் வரவில்லை. இரண்டு கடிதம் வந்தது. முதல் கடிதத்தில் அலை பெரிதாக இருக்கிறது என்று எழுதியிருந்தார். இரண்டாவதில், சம்பளமில்லா விடுப்புக்கு எழுதிப்போட்டிருப்பதாகவும் அலை இன்னும் பெரிதாகி இருப்பதாகவும் எழுதியிருந்தார்.

அந்தச் சமயம் பார்த்து வீட்டு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. புக்கிட் மேராவில் ஒன்பதாவது மாடி. குறிப்பிட்ட வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கணவன் மனைவி இருவரும் நேரில் வந்து கையெழுத்துப் போட்டுச் சாவி வாங்க வேண்டும். வராவிட்டால் வீடு வரிசையில் அடுத்தவருக்குப் போகும். தந்தி அடித்தோம். பதில் இல்லை.

அந்த வீடு எனக்கு என்ன என்று சொல்லியாக வேண்டும். ஜாலான் புசாரில் இரும்புச் சாமான் கடை ஒன்றின் மாடியில் நாங்கள் குடியிருந்தோம். ஆறு குடும்பம், ஒரு சமையலறை, ஒரு குளியலறை. காலையில் வாளியோடு வரிசையில் நிற்க வேண்டும். உள்ளே போனால் இரண்டு நிமிஷத்தில் கதவைத் தட்டுவார்கள். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து ஒரே ஆசைதான்: யாரும் தட்டாத குளியலறைக் கதவு. கணேசன் மேல் ஆசை இருந்ததா என்று கேட்டால் இருந்தது. இரண்டில் எது பெரிது என்று அப்போது யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

தொழிற்சாலையில் ஒரு வாரம் விடுப்புக் கேட்டு வாங்கினேன். தனியாகப் போகிறேன் என்றதும் வீட்டில் மறுபடி அதே தாலிப் பிரச்சினை. அப்பாவின் அக்கா சரோஜா அத்தை, தானே துணைக்கு வருவதாகச் சொன்னார். அத்தைக்குச் செம்பவாங்கில் ஒரு பள்ளிக்கூடக் கேண்டீனில் சமையல் வேலை. டிசம்பர் விடுமுறை என்பதால் கை சும்மா இருந்தது. மார்கழியில் சாவி வாங்கலாமா என்ற கேள்வியையும் அத்தையே தீர்த்துவைத்தார். கையெழுத்துப் போடுவது வேறு, பால் காய்ச்சுவது வேறு. பாலைத் தையில் காய்ச்சிக்கொள்ளலாம்.

சனிக்கிழமை காலை பஸ் ஏறினோம். என்னிடம் ஒரு கைப்பை. அத்தை தேக்கா சந்தையையே இரண்டு பையில் கட்டி எடுத்து வந்திருந்தார். ஜொகூரில் சுங்க அதிகாரி அந்தப் பையைத் திறந்து புளி, மிளகாய்த்தூள், வெங்காயம், எலுமிச்சை ஊறுகாய் எல்லாவற்றையும் மேசைமேல் வரிசையாக எடுத்துவைத்தார். அங்கே கடையே இல்லையா என்று கேட்டார். இருக்கும், ஆனால் என் கை பட்டது இருக்காது என்று அத்தை மலாயில் பதில் சொன்னார். பின்னால் ஐம்பது பேர் காத்திருந்தார்கள். எனக்குக் கால் தரையில் தரிக்கவில்லை.

மெர்சிங் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடி துடைக்கும் கம்பி இரண்டு தடவை ஆடிவிட்டு நின்றது. சீன ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, மழை நின்றதும் போகலாம் என்று சாவகாசமாக ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தார். கிழக்குக் கரையில் டிசம்பர் மழை எப்போது நிற்கும் என்று யாருக்குத் தெரியும். நான் எழுந்து நிற்பதும் உட்காருவதுமாக இருந்தேன். அத்தை பையிலிருந்து ஒரு பெரிய வெங்காயத்தை எடுத்து, பாதியாக அறுத்து, கண்ணாடியில் அழுத்தித் தேய்க்கச் சொல்லி ஓட்டுநரிடம் கொடுத்தார். தேய்த்தார். தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் வழிந்து ஓடியது, பாதை தெரிந்தது. குவாந்தான் வரை ஏழு வெங்காயம் செலவானது. பஸ் முழுக்க யாரோ சாம்பாருக்குத் தாளிக்கப் போவதுபோல் மணம்.

குவாந்தானில் இன்னொரு பஸ் மாறி, செராத்திங்கில் இறங்கும்போது மாலை ஆறு. ஒரு தார்ச்சாலை, அதிலிருந்து கடலுக்குப் போகும் மண் பாதை, தென்னை மரங்கள், மரக்குடிசைகள், ஒரே ஒரு மளிகைக் கடை. எங்கே பார்த்தாலும் ஆள்கள் படுத்துக் கிடந்தார்கள். குடிசை வாசலில் படுத்திருந்தார்கள், இரண்டு மரத்துக்கு நடுவே வலை கட்டிப் படுத்திருந்தார்கள், ஈர மணலிலும் படுத்திருந்தார்கள். பெரும்பாலும் ஆஸ்திரேலியாக்காரர்கள். விளக்கு வைக்கிற நேரத்தில் இத்தனை பேர் ஒன்றாகப் படுத்திருந்ததை நான் அரசாங்க மருத்துவமனையில்தான் பார்த்திருக்கிறேன்.

கணேசன் மட்டும் நின்றுகொண்டிருந்தார். தென்னோலைக் கொட்டகையில் ஒரு அலைச்சறுக்குப் பலகையை இரண்டு முக்காலிமேல் கிடத்தி உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். இடுப்பில் கைலி. முடி தோள் வரை வளர்ந்திருந்தது. கறுப்பு இரண்டு பங்கு கூடியிருந்தது. அத்தைக்கு அடையாளம் தெரிய நேரம் ஆனது. எங்களைப் பார்த்ததும், பக்கத்துத் தெருவிலிருந்து வந்தவர்களைக் கேட்பதுபோல், வாங்க அத்தை, சாப்பிட்டீர்களா என்று கேட்டார். தந்தி கிடைத்ததாம். பதில் எழுதுவதற்குள் நாள் ஓடிவிட்டதாம்.

குடிசைகளுக்குச் சொந்தக்காரி ஒரு மலாய் அம்மாள். எல்லாரும் மாக்சிக் என்று, நாம் சித்தி என்பதுபோல், கூப்பிட்டார்கள். நான் யார் என்று கேட்டார். மனைவி என்றார் கணேசன். இன்னும் இல்லை என்றார் அத்தை. நான் பதிவுத்தாளை எடுத்துக் காட்டினேன். அந்த அம்மாள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, முத்திரை இருக்கிறதே, பிறகு எதற்கு இரண்டு குடிசை கேட்கிறீர்கள் என்றார். அத்தை உட்கார்ந்து விளக்க ஆரம்பித்தார். வீடு, சாவி, மார்கழி, தாலி எல்லாம் வந்தது. கடைசியில் மாக்சிக் தலையை ஆட்டி, எங்களிடமும் அது உண்டு, நிக்கா காந்தோங் என்போம் என்றார். நிக்காவை முடித்துவிட்டுப் பெண்ணைத் தாய்வீட்டிலேயே விட்டுவைப்பார்களாம். தொங்கவிட்ட கல்யாணம் என்று அர்த்தம். இதற்கு ஒரு பெயரே இருக்கிறது என்பதில் அத்தைக்குப் பரம திருப்தி. தொங்கிக்கொண்டிருந்த எனக்கு அவ்வளவு திருப்தி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மாக்சிக் கொடுத்த நாசி டாகாங் என்கிற தேங்காய்ப்பால் சோற்றைச் சாப்பிட்டதும், வீட்டு அலுவலகக் கடிதத்தைக் கணேசனிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். பழைய மடிப்பிலேயே மடித்துத் திருப்பிக் கொடுத்தார். பார்க்கலாம் என்றார். எதைப் பார்ப்பது என்று கேட்டேன். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறதே என்றார்.

பிறகு என்னைக் கொட்டகைக்குக் கூட்டிப்போய் வேலையைக் காட்டினார். பாறையில் மோதி மூக்கு உடைந்த பலகை ஒன்று கிடந்தது. உடைந்த இடத்தை அறுத்து எடுத்து, கண்ணாடி இழைத் துணியை அளவாக வெட்டி ஒட்டி, பிசின் தடவி, காய்ந்தபின் தேய்த்துத் தேய்த்துப் பழைய வளைவைக் கொண்டுவர வேண்டும். பட்டறையில் செய்த அதே வேலைதான். ஆனால் அங்கே ஒட்டிய படகுகள் கப்பல் மூழ்கினால்தான் கடலைத் தொடும். பத்து வருஷத்தில் தான் ஒட்டிய ஒரு படகுகூட தண்ணீரில் மிதந்து பார்த்ததில்லை என்றார். இங்கே காலையில் ஒட்டினால் மாலையில் அலைமேல் போகிறது. அவர் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. இவ்வளவு நீளமாக அவர் பேசிக் கேட்டது அதுதான் முதல் முறை. எனக்குப் புரிந்தது. புரிந்ததுதான் பயமாக இருந்தது.

பலகைக்குச் சொந்தக்காரன் டாம் என்கிற ஆஸ்திரேலியாக்காரன். வாங்க வந்தவன் தடவிப் பார்த்துவிட்டு, கூட வந்தவனிடம், இந்தக் கரையில் இவனைப்போல் கை வேறு யாருக்கும் இல்லை, இவன் இல்லாவிட்டால் நாம் போன மாதமே ஊருக்குத் திரும்பியிருப்போம் என்று சொன்னதை நான் கேட்டேன். கணேசன் கேட்காததுபோல் தேய்த்துக்கொண்டிருந்தார். காது மட்டும் சிவந்தது.

என்னால் அந்த ஊரில் உட்கார முடியவில்லை. தொழிற்சாலையில் நான் ரேடியோ உறுப்புகளுக்கு நுண்ணோக்கியில் பார்த்துக் கம்பி ஒட்டுகிறவள். மணிக்கு இத்தனை என்று கணக்கு. கை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் கையைச் செராத்திங்கில் எங்கே வைப்பது? குடிசையைக் கூட்டினேன். மணலைக் கூட்டித் தள்ளினால் மறுபடி மணல்தான் வருகிறது. வாசலில் கிடந்த அத்தனை பேர் செருப்பையும் ஜோடி சேர்த்து வைத்தேன். ஒரு நாளைக்கு நான்கு தடவை சாலைக்குப் போய் மளிகைக் கடைக்காரரிடம் வியாழக்கிழமை பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டேன். அவர் ஒவ்வொரு தடவையும், வரும்போது வரும், உட்காருங்கள், காப்பி குடியுங்கள் என்றார். சிங்கப்பூரில் இப்படிப் பதில் சொன்னால் கடையைக் காலி செய்ய வேண்டியதுதான்.

அத்தையோ வந்த மறுநாளே ஊரோடு ஒட்டிக்கொண்டார். மாக்சிக்கின் அடுப்படியில் பாதி இவருடையது ஆகிவிட்டது. மீனை மாவோடு பிசைந்து உருட்டி அவிக்கும் கெரோப்போக் லேக்கோர் செய்யக் கற்றுக்கொண்டார். பதிலுக்கு ஊறுகாயைக் கொடுத்தார். வாழைப்பழ அப்பம் தின்று அலுத்த ஆஸ்திரேலியாக்காரர்கள் அந்த ஊறுகாயை அப்பத்தில் தடவித் தின்றதை என் கண்ணால் பார்த்தேன்.

திங்கட்கிழமை மதியம் மழை விட்டிருந்தது. அத்தை சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்தார். தண்ணிக்குள்ள வர்றியா என்று கணேசன் கேட்டார். கைலியும் சட்டையுமாக இடுப்பளவு தண்ணீரில் இறங்கினேன். பலகைமேல் குப்புறப் படுக்கச் சொல்லி, என் கையைப் பிடித்துப் பலகையின் விளிம்பில் வைத்தார். இரண்டு வருஷம் ஏழு மாதத்தில் அவர் என் கையைப் பிடித்தது அது இரண்டாவது தடவை. முதல் தடவை பதிவு அலுவலகத்தில் மோதிரம் போட. உடைந்து நுரையாக வந்த ஒரு சின்ன அலை பார்த்துப் பின்னாலிருந்து தள்ளிவிட்டார். கரை வரை போனேன். மூக்கிலும் வாயிலும் உப்புத் தண்ணீர். நான் சத்தம் போட்டுச் சிரித்தேன். மறுபடி போனேன், இன்னொரு தடவையும் போனேன். அந்த அரை மணி நேரம் வெள்ளிக்கிழமை என்று ஒன்று இருப்பதே எனக்கு மறந்துபோனது.

கரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினோம். அவர் மணலைக் கிளறிக்கொண்டே சொன்னார்:

"ஒரு வாரம்னுதான் வந்தேன் லா. நீயும் கூட வந்திருந்தா ஒரு வாரத்துல திரும்பியிருப்பேன்னு நெனக்கிறேன். இப்பச் சொல்லத் தெரியல." கையிலிருந்த மணலை உதறிவிட்டு, "நாம ரெண்டு பேரும் இங்கயே இருந்தா என்ன, விஜி?" என்றார்.

அதற்கு நான் நல்லதாக ஒரு பதில் சொல்லியிருக்கலாம். யோசித்தாவது சொல்லியிருக்கலாம். "வெள்ளிக்கிழமை பத்து மணி" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் பலகையைத் தூக்கிக்கொண்டு போனார். என் கணவர் என்னை முதல் தடவையாக ஏதோ கேட்டார், நான் கடிகாரத்தைக் காட்டினேன் என்று பிற்பாடு பல நாள் வருந்தியிருக்கிறேன். அன்றைக்கு வருந்தவில்லை. அன்றைக்குக் கோபம்தான் இருந்தது.

செவ்வாய் முழுக்க மழையும் காற்றும். அலை ஓலைக்கூரை உயரத்துக்கு எழுந்தது. படுத்துக் கிடந்தவர்கள் எல்லாம் ஒரே சமயத்தில் எழுந்து பலகையோடு ஓடினார்கள். சோம்பேறிகள் என்று நான் நினைத்தவர்கள் அந்த அலைக்காகத்தான் அத்தனை நாள் காத்துக் கிடந்திருக்கிறார்கள். கணேசனும் ஓடினார். நான் பனையோலைக் குடையைப் பிடித்துக்கொண்டு, அவர் தலை எங்கே தெரிகிறது என்று கரை நெடுக நடந்துகொண்டே இருந்தேன். ஒரு தடவை எழுந்து நின்றார். மூன்று எண்ணுவதற்குள் விழுந்தார். அந்த மூன்று எண்ணிக்கைக்குள் அவர் முகத்தைப் பார்த்தேன். பதிவு அன்று எடுத்த புகைப்படத்தில் அந்த முகம் இல்லை.

மாலையில் ஈரத்தோடு எங்கள் குடிசைக்கு வந்தார். வியாழக்கிழமை பஸ்ஸில் கூட வருவதாகச் சொன்னார். அவ்வளவுதான் சொன்னார். அத்தைக்குத் தலைகால் புரியவில்லை. தேங்காயும் வெல்லமும் வாங்கிவந்து பாயசம் வைத்தார். மாக்சிக்கின் உறவு முழுக்க வந்து குடித்தது.

பாயசம் குடிக்கும்போதே அத்தைக்கு அடுத்த கவலை வந்துவிட்டது. நீள முடி வைத்த ஆண்களைக் கடைசியில்தான் கவனிப்போம் என்று சிங்கப்பூரில் ஒவ்வொரு அலுவலகத்திலும் படம் போட்டு ஒட்டியிருந்த காலம் அது. முடி சட்டைக் காலரைத் தொடக் கூடாது, காதை மூடக் கூடாது. இந்தத் தலையோடு போனால் பத்து மணி சாவி பன்னிரண்டு மணிக்குத்தான் கிடைக்கும், உட்லண்ட்ஸ் எல்லையிலேயே ஓரமாக நிற்கவைப்பார்கள். வெட்டிவிட வேண்டும் என்றார். கணேசன் சரி என்றார்.

புதன்கிழமை காலை மாக்சிக்கின் துணி வெட்டும் கத்தரிக்கோலை வாங்கி வந்தார் அத்தை. தாழ்வாரத்தில் கணேசன் முக்காலி போட்டுப் பிடித்துவைத்த பிள்ளையார்போல் உட்கார்ந்தார். கேண்டீனில் கீரை நறுக்குகிற வேகத்தில் அத்தை வெட்டித் தள்ளினார். டாமும் மற்றவர்களும் சுற்றி நின்று பார்த்தார்கள். வந்த நாளிலிருந்து ஓயாமல் கேலி பேசியவர்கள், அன்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. வெட்டிய முடியைக் கூரை விளிம்பிலிருந்து விழுந்த மழைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போனது. இப்போதுதான் மாப்பிள்ளை மாதிரி இருக்கிறது என்று அத்தை தோளைத் தட்டினார். ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் இருந்தது. கணேசன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டு சிரித்தார். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. குளியலறைக் கதவுக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்றுகூட யோசித்தேன்.

வியாழக்கிழமை காலை பஸ் வரவில்லை. தெற்கே மூன்று மைலில் சாலை தண்ணீருக்குள் போய்விட்டது, பஸ் அந்தக் கரையோடு திரும்பிப் போகிறது என்று மளிகைக் கடைக்காரர் சொன்னார். மாக்சிக்கின் தம்பி வேனில் எங்களை ஏற்றினார். டாம் என்ன நினைத்தானோ, கூரைமேல் இரண்டு பலகையைக் கட்டிக்கொண்டு அவனும் ஏறினான்.

போய்ப் பார்த்தால் சாலையைக் காணோம். இரண்டு பக்கமும் நின்ற தந்திக் கம்பங்களை வைத்துத்தான் அங்கே சாலை இருந்தது என்று தெரிந்தது. அக்கரையில், கூப்பிடு தூரத்தில், பஸ் நின்றது. இருந்த இரண்டு படகும் வெள்ளத்தில் சிக்கியவர்களை ஏற்றிவரப் போயிருந்தன. ஆழம் இடுப்பளவு, இழுப்பு அதிகம் இல்லை என்று ஆள்கள் சொன்னார்கள். டாம் ஒரு பலகையைத் தண்ணீரில் போட்டு, அத்தையைப் பார்த்துக் கையை விரித்தான்.

அத்தை கேண்டீனில் தலைமையாசிரியருக்கே பயப்படாதவர். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, பலகைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். மடியில் ஊறுகாய் ஜாடி. முன்னால் டாம் இழுக்க, பின்னால் கணேசன் தள்ள, அத்தை மிதந்தார். இன்னொரு பலகையில் பைகளை வைத்துப் பிடித்துக்கொண்டு நான் பெல்பாட்டம் கால்சட்டையோடு பக்கத்தில் நடந்தேன். பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னலில் தலை நீட்டிக் கை தட்டினார்கள். யாரோ ஒருவர், சிங்கப்பூர்க்காரர்கள் கப்பலிலேயே வந்துவிட்டார்கள் என்று மலாயில் சொன்னார். நான்கூடச் சிரித்தேன்.

அத்தை இறங்கிப் புடவையைப் பிழிந்துகொண்டு பஸ் ஏறினார். பைகளை உள்ளே வைத்துவிட்டு நான் படிக்கட்டில் வந்து நின்றேன். நடத்துநர் அவசரப்படுத்தினார், தண்ணீர் ஏறுகிறது, சீக்கிரம் என்றார். கணேசன் மட்டும் முழங்கால் தண்ணீரில் பலகையைப் பிடித்தபடி நின்றார்.

"ஏறுங்க" என்றேன்.

பலகையை டாமிடம் கொடுத்துவிட்டு வந்தார். ஒரு காலைப் படிக்கட்டில் வைத்தார். அடுத்த காலை எடுக்கவில்லை.

"நீ சொன்னா ஏறிடுறேன், விஜி."

அது உண்மை என்று எனக்குத் தெரியும். அவர் அப்பா சொல்லிப் பட்டறையில் சேர்ந்தார். இரண்டு வீட்டாரும் சொல்லிப் பதிவு செய்தார். அத்தை சொல்லித் தலையைக் குனிந்தார். இன்னொரு தடவை நான் ஏறுங்க என்றால் ஏறி, புக்கிட் மேராவில் ஒன்பதாவது மாடி வரைக்கும் ஏறிவிடுவார். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வேறு கேள்வி வந்தது.

"நான் சொல்லலன்னா?"

நடத்துநர் மணி அடித்தார்.

"வர மனசில்ல" என்றார். "உம்மேல கோவமோ, புடிக்காமலோ இல்ல. அங்க போக மனசில்ல. நீ இருந்துடுறியா?"

"என்னால இங்க உக்கார முடியாது. அஞ்சு நாளே தாங்கல."

"தெரியும். நாலு தடவ செருப்பெல்லாம் அடுக்கி வச்சே" என்றார்.

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. ஒருவரிடம் ஒருவர் பொய் சொல்லாமல் நாங்கள் பேசியது அந்த ஒரு நிமிஷம்தான். பிறந்ததிலிருந்து நின்ற இடத்தில் நிற்காதவளான நான் அந்தப் படிக்கட்டில் அசையாமல் நின்றேன். பிறகு அவருடைய பையை இருக்கைக்கு அடியிலிருந்து எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தேன். பஸ் கிளம்பியது. அத்தை எழுந்துவந்து, என்னடி இது, ஆளை விட்டுவிட்டுப் போகிறது வண்டி என்றார். தெரியும், உட்காருங்கள் என்றேன். குவாந்தான் வரை அத்தை திட்டினார். அதற்குப் பிறகு ஜொகூர் வரை என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை ஒன்பதே முக்காலுக்கே வீட்டு அலுவலகத்தில் இருந்தேன். போகாமலே இருந்திருக்கலாம், வீடு தானாக அடுத்தவருக்குப் போயிருக்கும். என்னால் அப்படிச் சும்மா இருக்க முடியாது. அம்மாவுக்கு முந்தின இரவு சொன்னதோடு சரி, அழுதுகொண்டு படுத்திருந்தார். அத்தைதான் கூட வந்தார்.

எங்கள் எண்ணைக் கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த சீனப்பெண் தாள்களை இரண்டு இரண்டாக அடுக்கி வைத்திருந்தார். இரண்டு பேனாவும் வைத்திருந்தார். சாவிகள் ஒரு பழுப்பு உறையில் இருந்தன. கணவர் எங்கே, வண்டி நிறுத்தப் போயிருக்கிறாரா என்று சிரித்துக்கொண்டே கேட்டார். வரமாட்டார் என்றேன். சாவி உறையை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, வேறொரு தாளை எடுத்து நீட்டினார். வீடு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும் தாள் அது. காரணம் என்ற இடத்தில் ஒரு வரிதான் எழுத முடியும்.

அதுவரை எந்தத் தாளையும் நான் நிரப்பியதில்லை. விண்ணப்பத்தை அவர்தான் நிரப்பினார். பதிவுத்தாளை அதிகாரி தட்டெழுத்தில் அடித்தார். வீட்டில் பேசும்போது அவர் என்பேன், தொழிற்சாலையில் கட்டிக்கப் போகிறவர் என்பேன். பேனாவை வாங்கி, என் கணவருக்கு வர விருப்பமில்லை என்று ஆங்கிலத்தில் எழுதினேன். பிழையில்லாமல் எழுதினேன். எழுதிய வரியை ஒரு தடவை படித்துப் பார்த்தேன். அவரைக் கணவர் என்று என் கையால் எழுதியது அதுதான் முதல் தடவை என்று தெரிந்தது. வெள்ளத்தில் வராத அழுகை, பஸ்ஸில் வராத அழுகை, அத்தனை பேர் காத்திருந்த அந்த மேசைக்கு முன்னால் வந்தது.